உடைந்து வந்த எழுத்துகள்

ஆலன், டெக்சஸ்
பிப்ரவரி 16, 2025
ஞாயிறு இரவு

தீக்ஷா,

இந்தக் காகிதம் உன் அம்மா கண்ணில்கூடப் படக் கூடாது. படித்ததும் கிழித்து டாய்லெட்டில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிடு. உன்னிடம் எதையும் கேட்க எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆனாலும் இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இது அப்பா கைக்குப் போனால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். வெளியாள்களில் உனக்கு மட்டும்தான் தெரியும். என் கோபமே அதுதான்.

பிப்ரவரி நான்காம் தேதி, ஆர்கெஸ்ட்ரா கச்சேரிக்குக் கிளம்புவதற்கு முன் உனக்கு மெசேஜ் எழுதினேன். அம்மாவின் மணிக்கட்டு வீங்கியது ஐஸில் வழுக்கியதால் இல்லை, அப்பா முறுக்கியதால் என்று எழுதினேன். ஸ்கூல் கவுன்சிலரிடம் சொல்லலாமா என்று கேட்டேன். வேறு யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. கச்சேரி முடிந்து வந்து போனைப் பார்த்தால் நீ என்னை பிளாக் செய்திருந்தாய். நாம் பேசியது மொத்தமும் என் திரையிலிருந்து காணாமல் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது அப்பா சிரித்துக்கொண்டே கேட்டார்.

“என்ன அம்மிணி, கவுன்சிலர்கிட்ட அப்பனப் பத்திச் சொல்லோணும்னு இருக்கறயாமா? சொல்லு சாமி. என்ற விசா போச்சுன்னா எல்லாருமா மூட்டையக் கட்டிட்டுப் போலாம்.”

அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றது.

அன்றே என் போனைப் பிடுங்கிக்கொண்டார். மறுநாள் என் அறைக்கதவின் பூட்டைக் கழற்றினார். மார்ச் 29ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டார், போவதற்கு மட்டும். நாமக்கல்லில் ஒரு ஹாஸ்டல் பள்ளி. அங்கே பிளஸ் டூ. “ஊருக்குப் போனாத்தான் புத்தி வரும்” என்று பொள்ளாச்சி அத்தையிடம் போனில் சொன்னார். நான் போய்விட்டால் இந்த வீட்டில் அம்மாவும் அவரும் மட்டும். அதை யோசித்தாயா?

நீ உன் அம்மாவிடம் உளறியிருப்பாய். காமாக்ஷி ஆன்ட்டி பெரிய நியாயஸ்தர் மாதிரி அப்பாவைக் கூப்பிட்டு அட்வைஸ் பண்ணியிருப்பார். இதே தெருவில் ஐந்து வருஷம் ஒன்றாகப் பஸ் ஏறினோம். நியூஜெர்சி போனதும் நான் உனக்குக் கதையாகிவிட்டேன்.

யார் யாரிடம் சொன்னாய்? அதை மட்டும் எழுது. கவுன்சிலரிடம் போவதற்கு முன் எனக்கு அது தெரிய வேண்டும். ஸாரி எல்லாம் வேண்டாம். உறைமேல் இருப்பது என்னோடு வயலின் வாசிக்கிற யாமினி வீட்டு முகவரி. தமிழில்தான் எழுத வேண்டும். யாமினி இங்கேயே பிறந்தவள், தமிழ் படிக்கத் தெரியாது. அதனால்தான் அவளை நம்புகிறேன்.

கயல்

*

பிளெய்ன்ஸ்பரோ, நியூஜெர்சி
பிப்ரவரி 24, 2025

கயல்,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. உன் தைரியத்தை இன்னொரு முறை படித்துப் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

முதலில் உன் கேள்விக்குப் பதில். யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. சொல்லலாமா என்று உன்னைத்தான் கேட்டேன். அதற்கு நீ என்ன பதில் எழுதினாய் என்று உனக்கே ஞாபகம் இல்லையா? உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

அந்தப் பதிலில் அம்மாவைப் பற்றி ஒரு சொல் இருந்தது. எனக்கு அர்த்தம் தெரியவில்லை. அம்மா அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்து தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் ஒரு முட்டாள், அவளிடமே போய்க் கேட்டேன்.

“அம்மா, வாழாவெட்டின்னா என்னம்மா?”

“யாருடி சொன்னா?”

“கயல். மெசேஜ்ல.”

அம்மா அடுப்பை அணைத்தாள். “புருஷன விட்டுட்டு வந்தவள அப்படிச் சொல்லுவா. நன்னாத்தான் தமிழ் கத்துண்டிருக்கேள் ரெண்டு பேரும்” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். வெகு நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தோசை கல்லிலேயே காய்ந்து கிடந்தது.

உன்னை பிளாக் செய்தது அதற்குப் பிறகுதான். நீ எழுதியதை என் பக்கத்தில் அன்றே அழித்துவிட்டேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பாதுகாக்க அது என்ன கல்யாணப் பத்திரிகையா?

நான் எழுதவே இல்லை என்று அடுத்த கடிதத்தில் அழப்போகிறாய். அதற்கு முன்னால் உன் கணக்கை நீயே தோண்டிப் பார். வயலின் பயிற்சிக்கு யாமினி வீட்டுக்குப் போவாய் அல்லவா? அவள் கம்ப்யூட்டரில் உன் கணக்கைத் திற. உன் தகவல் முழுவதையும் இறக்கிக்கொள்ள செட்டிங்ஸில் ஒரு இடம் இருக்கிறது. ஜேசான் என்ற கோப்பு வடிவில் கேள். ஓரிரு நாளில் ஒரு ஜிப் கோப்பு வரும். நீ பேசியது, நீ பார்த்தது, எந்தக் கருவியிலிருந்து நுழைந்தாய் என்பது, எல்லாம் அதில் இருக்கும். நீ உன் திரையில் எதை எங்கே ஒளித்து வைத்தாலும் அதில் வரும். பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போய், உன் அறையில் இருக்கும் ரோபாட்டிக்ஸ் கிளப் லேப்டாப்பில் போடு. இன்டர்நெட் தேவையில்லை. கட்டளை அடிக்கும் அந்தக் கறுப்பு ஜன்னலைத் திறந்து இதை அடி:

grep -r "வாழாவெட்டி" .

கோப்புகளில் அந்தச் சொல் எங்கே இருந்தாலும் வரியோடு காட்டும். உனக்கு உதவியாக இதை எழுதவில்லை. நீ தப்பிக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

தீக்ஷா

*

ஆலன்
மார்ச் 6, 2025, இரவு

தீக்ஷா,

நீ சொன்னதை எல்லாம் செய்தேன். உன்னால் எவ்வளவு பயந்தேன் தெரியுமா? யாமினி வீட்டிலிருந்து நுழைந்ததும், புது இடத்திலிருந்து நுழைந்ததாக என் போனுக்கு அறிவிப்பு போயிருக்கும். போன் அப்பாவின் மேசை டிராயரில் இருக்கிறது. அணைந்துதான் கிடக்கிறது என்று நம்புகிறேன். பென் டிரைவை சாக்ஸுக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். நடக்க நடக்கக் குதிகாலில் குத்தியது.

எல்லோரும் படுத்த பிறகு லேப்டாப்பைத் திறந்தேன். உன் கட்டளையை ஒரு எழுத்து பிசகாமல் அடித்தேன். ஒன்றும் வரவில்லை. பிழைச் செய்திகூட இல்லை. ஜன்னல் பேசாமல் அடுத்த வரிக்குப் போயிற்று. நான் தப்பாக அடித்தேனோ என்று திரும்ப அடித்தேன். அதே மௌனம். ஆங்கில எழுத்தில் எனக்குத் தெரிந்த வகையில் எல்லாம் அந்தச் சொல்லை மாற்றி மாற்றி அடித்தேன். இல்லை. “காமாக்ஷி” என்று தமிழில் தேடினேன். அதுவும் இல்லை.

நம் உரையாடல் கோப்பு இருந்தது. என் திரையிலிருந்து காணாமல் போன எல்லாம் இருந்தது. பல வருஷப் பேச்சு, அதை முழுதாகப் படிக்க எனக்குப் பொறுமை இல்லை. படித்தவரைக்கும் பின்சாய்கோடும் எண்களுமாக இடையிடையே குப்பை. உடைந்த எமோஜிகள் போல.

ஆக, நீ சொல்வது பொய். உன் வாயாலேயே என்னைத் தேடச் சொன்னாய். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று கிளப்பில் எல்லோருக்கும் பாடம் எடுத்தவள்தானே நீ? உன் அம்மாவை நடுவில் இழுத்து, தோசை, தண்ணீர்ச் சத்தம் என்று ஒரு கதை கட்டியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு நான் அழுதேன் என்பதுதான் எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. நான் தேடிக்கொண்டிருந்தபோது அப்பா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். பூட்டு இல்லாத கதவு.

“தூங்கலயா கண்ணு? என்னமோ கறுப்பா ஓடுதே?”

“ரோபாட்டிக்ஸ் ஹோம்வொர்க்ப்பா.”

“அதான் ஊருக்குப் போறயே, இனி என்ன ரோபாட்டிக்ஸ்?” என்று சொல்லிக்கொண்டே என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக் குனிந்தார். அவரும் கம்ப்யூட்டர் வேலைதான் பார்க்கிறார் என்பதை நீ மறந்திருப்பாய். திரையைத் துடைக்கும் கட்டளையை அடித்துவிட்டேன். அவர் வெற்றுத் திரையைப் பார்த்தார். பிறகு என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அந்தக் கை பட்ட இடம் இன்னும் கூசுகிறது.

இத்தனையும் உன் பொய்யைத் தேடுவதற்காக. இனி எனக்கு எழுதாதே.

கயல்

*

பிளெய்ன்ஸ்பரோ
மார்ச் 13, 2025

கயல்,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். உன் உத்தரவை உன் வீட்டோடு வைத்துக்கொள்.

கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. உனக்குக் கேட்கத் தெரியவில்லை. தமிழில் தேடினால் வராது என்பதை நான் சொல்ல மறந்துவிட்டேன், அது என் தப்பு. அந்த ஒரு தப்பை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். உன் கடிதம் வந்த பிறகு என் கணக்கையும் இறக்கிப் பார்த்தேன். நான் தமிழில் எழுதிய பொங்கல் வாழ்த்துகூட எனக்கு அகப்படவில்லை. அப்புறம்தான் புரிந்தது. ஆங்கில எழுத்து அந்த ஏற்றுமதிக் கோப்பில் அப்படியே வரும். நம் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று துண்டாக உடைந்து வரும். நீ குப்பை என்றாயே, உடைந்த எமோஜி என்றாயே, அதுதான் தமிழ். உன் தாய்மொழியைக் குப்பை என்று தள்ளிவிட்டு என்னைப் பொய்க்காரி என்கிறாய்.

எல்லாத் தமிழ் எழுத்துக்கும் முதல் துண்டு ஒன்றேதான். நம் உரையாடல் கோப்பு இருக்கும் இடத்துக்குப் போய் இதை அடி:

grep -F '\u00e0' message_1.json

தமிழ் இருக்கும் வரி எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். உடைந்ததை ஒட்டுவதற்கு:

jq -r '.messages[].content' message_1.json | iconv -f utf-8 -t latin1

முதல் பாதி பேச்சை மட்டும் பிரித்து எடுக்கும். இரண்டாவது பாதி துண்டுகளைத் திரும்ப எழுத்தாக்கும். அந்த லேப்டாப்பில் இரண்டும் இருக்கிறது, நான்தான் போன வருஷம் ஏற்றினேன். கிடைத்ததைச் சத்தமாக வாசி. பாதியில் தொண்டை அடைத்தால் எனக்குச் சந்தோஷம்.

செய்தி வந்த நேரமும் கோப்பில் இருக்கும். அது கிரீன்விச் நேரம். உன் ஊருக்கு ஆறு மணி நேரம் கழிக்க வேண்டும். நான் நடு ராத்திரியில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று கதை விடாதே.

எத்தனை வருஷமாகப் பேசுகிறோம். நீ எனக்கு ஒரு தடவையாவது தமிழ் எழுத்தில் அடித்திருக்கிறாயா? “enna di”, “vaa di” என்று ஆங்கில எழுத்தில்தான் அடிப்பாய். கீபோர்டு மாற்றச் சோம்பல். என்னைத் திட்டுவதற்கு மட்டும் கீபோர்டை மாற்றி, ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதியிருந்தாய். தமிழ்ப் பள்ளியில் கட்டுரைப் பரிசு வாங்கியவள் அல்லவா, வசவும் இலக்கணமாக இருக்க வேண்டும் என்று நினைத்தாய் போல. அதுதான் எனக்கு மிகவும் வலித்தது. அவசரத்தில் கொட்டிய கோபம் என்றால்கூட மறந்திருப்பேன்.

அதே ஜிப்பில், கணக்குக்குள் நுழைந்த கருவிகளின் கோப்பும் இருக்கும். அதையும் பார்த்துவிடு. வேறு யாரோ எழுதினார்கள் என்று சொல்லவும் உனக்கு வழி இருக்கக் கூடாது.

தீக்ஷா

*

ஆலன்
மார்ச் 27, 2025
வியாழன் இரவு

தீக்ஷா,

ஒட்டினேன். வந்தது.

நீ எழுதியது முதலில் வந்தது. அதை நான் அன்று பார்க்கவே இல்லை. “ஆன்ட்டிக்கு இப்போ எப்படி இருக்கு? எங்கம்மாகிட்ட சொல்லட்டுமா? அவங்க இதெல்லாம் தாண்டி வந்தவங்கடி, அவங்களுக்கு என்ன செய்யணும்னு தெரியும். நீ கவுன்சிலர்கிட்ட போ. பயமா இருந்தா போன்ல நான் கூடவே இருக்கேன்.” உன் வழக்கப்படி ஆங்கில எழுத்தில், பாதி உயிரெழுத்தை முழுங்கி.

அதற்குக் கீழே என் பெயரில் இருந்த பதில்:

“உன் தாய் ஒரு வாழாவெட்டி. தன் குடும்பத்தைக் கெடுத்தது போதாதென்று எங்கள் குடும்பத்தையும் கெடுக்கப் பார்க்கிறாள். உங்களைப் போன்றவர்களின் சகவாசம் இனி எங்களுக்கு வேண்டாம். காமாக்ஷியிடம் சொல்லிவிடு.”

சத்தமாக வாசிக்கவில்லை. வாயசைத்தேன். அதிலேயே குரல் கேட்டுவிட்டது. நான் உன் அம்மாவைக் காமாக்ஷி என்று பெயர் சொல்லி எழுதுவேனா? ஆன்ட்டி என்றுதானே என் வாயில் வரும்? எங்கள் வீட்டில் அவரை வெறும் பெயர் சொல்லிப் பேசுகிற ஆள் ஒருவர்தான்.

நேரத்தைக் கழித்துப் பார்த்தேன். செவ்வாய் மாலை ஏழே முக்கால். அப்போது நான் பள்ளி மேடையில் இருந்தேன். போன் வயலின் பெட்டிக்குள். அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அப்பா ஆபீஸில் ஏதோ சர்வர் பிரச்சினை என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்.

பிறகு அந்தக் கருவிகள் கோப்பு. ஒரே மாதிரி வரிகளைச் சேர்த்து எண்ணும் கட்டளை எனக்கே தெரியும். யாமினியின் கம்ப்யூட்டரை விட்டுவிட்டால் இரண்டு கருவிகள் நின்றன. ஒன்று என் போன். இன்னொன்று ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர். எங்கள் வீட்டில் விண்டோஸ் இருப்பது அப்பாவின் ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும்தான். போன ஆகஸ்டில் ஆரம்பித்திருக்கிறது. புதுப் போன் வாங்கித் தந்து, “பாஸ்வேர்ட் அப்பா போட்டுத் தர்றேன், நீ மறந்துருவ” என்று சொன்ன அதே நாள். அதற்குப் பிறகு அநேகமாகத் தினமும். நான் உனக்கு எழுதிய எல்லாவற்றையும் நீ படிப்பதற்கு முன்பே அவர் படித்திருக்கிறார். நீ எனக்கு எழுதிய பதிலையும் எனக்கு முன்பே படித்திருக்கிறார். படித்து, பதில் போட்டு, நம் பேச்சை என் திரையிலிருந்து ஒளித்து வைத்துவிட்டு, கச்சேரி முடிந்து வந்த என்னிடம், “நல்லா வாசிச்சயா சாமி?” என்று கேட்டிருக்கிறார்.

உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே. ஐந்து வருஷம் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாய். எழுத்து மாறியிருந்ததைப் பார்த்தாய். மொழி மாறியிருந்ததைப் பார்த்தாய். ஆனாலும் நான்தான் என்று நம்பினாய். என் சோம்பல் உனக்குத் தெரிந்திருந்தது, என்னைத் தெரியவில்லை. நானும் அப்படித்தான், ஒரு கேள்வி கேட்காமல் உன்மேல் பழி போட்டேன். அவர் நம் இருவருக்கும் நடுவில் நாலு வரிதான் எழுதினார். மிச்சத்தை எல்லாம் நாமே எழுதிக்கொண்டோம். அதற்காக உன்னையும் பிடிக்கவில்லை, என்னையும் பிடிக்கவில்லை.

நேற்று அம்மாவிடம் காட்டினேன். அப்பா நடக்கப் போயிருந்தார். அம்மா அந்தப் பதிலை மெதுவாகப் படித்தாள்.

“காமாக்ஷிக்கா ஏன் என்ற போனையே எடுக்கறதில்லன்னு நெனச்சேன்” என்றாள். அப்புறம், “இத அழிச்சுரு கயலு. மறுக்கா அவரு கண்ணுல பட்டா அவ்வளவுதான்.”

“நான் போயிட்டா உனக்கு யாரும்மா இருக்காங்க?”

“எனக்கென்ன. நான் இருந்துக்குவேன்.”

“கை சரியாயிடுச்சா?”

பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். இடது கையால் தேய்த்தாள். எனக்கு அவள்மேல்தான் எல்லோரையும் விட அதிகக் கோபம் வந்தது.

அதனால் அவளிடம் சொல்லாமலே போனேன். இன்று மதியம் கவுன்சிலர் அறைக்குப் போய் பென் டிரைவை மேசைமேல் வைத்தேன். மணிக்கட்டில் ஆரம்பித்து டிக்கெட் வரைக்கும் சொன்னேன். கருவிகள் கோப்பை அவரே படித்துக்கொண்டார். உன் அம்மாவைப் பற்றிய அந்தச் சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் சொல்ல முடியாமல் திணறினேன். அவர்களிடம் அதற்குச் சொல் இல்லை. சுற்றி வளைத்துச் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இதைக் கேட்ட பிறகு மேலே சொல்லாமல் இருக்கத் தனக்குச் சட்டப்படி உரிமை இல்லை என்றார். குழந்தைகள் பாதுகாப்புத் துறையிலிருந்து வீட்டுக்கு ஆள் வருவார்கள், இன்றோ நாளையோ, என்னைத் தனியாகப் பார்த்துப் பேசுவார்கள் என்றார். நான் இன்று வேண்டாம் என்று கெஞ்சினேன். அதற்குள் அவர் போனைக் கையில் எடுத்துவிட்டார்.

நாளை மறுநாள் விமானம். பெட்டி கட்டிக் கீழே நிற்கிறது. அவர்கள் விமானத்துக்குப் பிறகு வந்தால் என்ன செய்வது? அப்பா முகம் கோணாமல் காப்பி கொடுத்து, குடும்பப் படங்களைக் காட்டி, சிரிக்கச் சிரிக்கப் பேசி அனுப்பிவிட்டால்? எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும், தீக்ஷா. பொங்கல் விழாவில் அவர்தான் மைக் பிடிப்பார். நான் சொல்வதை யார்

கீழே வாசல் கதவைத் தட்டுகிறார்கள்.

காலிங் பெல் இருக்கும்போது தட்டுகிறார்கள். அப்பா டிவியை நிறுத்திவிட்டு அம்மாவிடம் சொல்கிறார். “யாரு இந்நேரத்துல? கண்மணி, நீ உள்ள போ, நான் பாக்கறேன்.”

கதவு திறக்கிறது. ஒரு பெண் குரல், ஆங்கிலம். என் பெயரை “கேயல்” என்கிறது. இன்னொரு ஆணும் இருக்கிறார், வாக்கிடாக்கி கரகரக்கிறது. அப்பா சிரிக்கிறார், நீயும் கேட்டிருக்கிறாயே, அந்த விழாச் சிரிப்பு. நான் தூங்கிவிட்டேனாம். காய்ச்சலாம். நாளைக்கு வரலாமாம். அந்தப் பெண் சரி என்று சொல்லிவிடுவாள் போலிருக்கிறது. எனக்கு எழுந்து போக வரவில்லை, எழுதத்தான் வருகிறது.

அம்மா பேசுகிறாள். அம்மா ஆங்கிலத்தில் பேசுகிறாள்.

“நோ. ஷி இஸ் நாட் ஸ்லீப்பிங்.”

தீக்ஷா, அம்மா